கரி

மீன் வறுக்கும் இதே சட்டியில்தான்
பாதரச உருண்டையைச் சுட்டாள் எர்மிலிண்டா,
பதினோரு வருஷம்.
வெள்ளை புகைந்து மஞ்சளாகும்வரை
ஜன்னலைத் திறந்து வைப்பாள்.
அவ்வளவுதான் பாதுகாப்பு.

இப்போது காபி ஊற்றினால்
பாதி தட்டுக்குப் போகிறது.
கையெழுத்து வாங்க வந்த வங்கிக்காரன்
மூன்று தாள் மாற்றினான்.

பாரகாலேயின் தகரக் கொட்டகையில்
டிரம் சுற்றுகிறது.
பாறைமாவு, தண்ணீர்,
ஸ்டுடியோக்காரர்கள் ஒரு காலத்தில்
படம் கழுவிய உப்பு,
கொஞ்சம் செம்பு, மூக்கில் குத்தும் அம்மோனியா.
தங்கம் கரைந்துவிட்டது என்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரிவது
நம்பச் சொல்லும் நீலம் மட்டும்.

வெறும் கரி அந்த நீரில்
ஒரு வாரம் சும்மா ஊறிக் கிடந்தது.
"கொப்பரை விற்ற காசும் கரி" என்றான் காசியானோ,
அவள் கணவன்.
பிறகு நோரியெல்
அதே கொட்டாங்கச்சிக் கரியை
வேறொரு கரைசலில் ஊறவைத்து உலர்த்தி
மறுபடி ஊறவைத்து
மூட்டையில் கொண்டுவந்தாள், டாயெட்டிலிருந்து பஸ்ஸில்,
மடியில் வைத்து,
பாவாடையெல்லாம் கறுப்பாக.

கரியைச் சேற்றிலிருந்து சலித்தெடுக்க வேண்டும்.
சல்லடை எர்மிலிண்டாவின் கைக்கு வந்தது.
அவளைப்போல் யாராலும் சலிக்க முடியவில்லை:
நிற்காத கை.
முதலில் அவள்தான் சிரித்தாள்.
அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச்
சிரிக்கத் துணிவு வந்தது.

எரித்தார்கள்.
சாம்பலும் வெண்காரமும் உருகி
அடியில் ஒரு மணி,
பப்பாளி விதையளவு.
ஒரே மூட்டைப் பாறையின் மறுபாதி
போன வாரம் பாதரசத்துக்குக் கொடுத்தது
இதைவிடக் குறைவு.
காசியானோ தராசைத் தட்டிப் பார்த்தான்,
இன்னொரு தராசு கேட்டான்.

நகைக்கடைக்காரன் அதே விலைதான் போட்டான்.
எப்படி எடுத்தது என்று கேட்கவில்லை.
தங்கமும் சொல்லவில்லை.

என் மொழியின் பழைய நூல்களில்
கரி என்றால் சாட்சி.
அவளிடம் சொல்ல நினைத்தேன்.
அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்,
காதுமடலில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கட்டிலுக்கடியில்
சாஸ் பாட்டிலில் மிச்சப் பாதரசம்.
சின்ன பாட்டில், செங்கல் கனம்.
கொட்டிவிடு என்கிறான் காசியானோ.
கிணறு இருக்கிறது, ஓடை இருக்கிறது,
ஓடைக்கு அப்பால் கடல்.
எங்கே என்று
கேட்கிறாள்.