இருபத்துநான்கு மைக்ரோ

குளச்சல் ஐஸ் ஆலையின் பின்புறம்
அம்மோனியா கழுவிப்போன உருளை
தண்ணீர் குடித்து, மூக்கு முட்டப் படுத்திருக்கிறது.
நாளை நள்ளிரவு மீன்பிடித் தடை முடிகிறது.
படகுகள் கிளம்பும் முன் என் கையெழுத்து வேண்டும்.

சுற்றுவாக்கில் ஒரு கேஜ், நெடுக்குவாக்கில் ஒன்று,
தபால்தலையில் பாதிகூட இல்லை.
பம்ப் ஏறுகிறது.
பத்து பார். பதினெட்டு. இருபத்தேழு.

நெடுக்கு, நூற்றிருபத்தொன்று என்கிறது.
சுற்றோ ஐந்நூற்றுப் பதினாறு.
இழுவிசை இரண்டே மடங்கு,
நீட்சி மட்டும் நாலேகால்.
நெடுக்கே நீள நினைக்கும்போதெல்லாம்
சுற்று விரிந்து அதைப் பின்னுக்கு இழுத்துவிடும்.
படித்ததுதான்.
ஆனாலும் பத்து மில்லி தடிமன் தகடு
சுற்றளவில் ஒன்றரை மில்லி வளர்வதைக்
கண்ணால் பிடிக்க முடியவில்லை.
இடுப்பில் கட்டியிருந்த வலைநூலைச் சுண்டினேன்.
கட்டும்போது மொட்டையாய்க் கிடந்தது,
இப்போது விண்ணென்றது.

அழுத்தத்தை இறக்கினோம்.
எண் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும்.
இருபத்துநான்கில் நின்றது.

திரும்பி வராத நீட்சி என்றால்
உலோகம் எங்கோ விட்டுக்கொடுத்துவிட்டது.
பேனாவை மூடினேன்.

"பத்து லெட்சத்தில இருபத்திநாலு பங்கு,
அதுக்கா பிள்ளே இந்தக் கரச்சல்?"
மிக்கேலடிமைக்கு நாற்பது படகின் முன்பணம்
சட்டைப்பையில் கனக்கிறது.
நான் பதில் சொல்லவில்லை.
நெடுக்குக் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதிலும் இருபத்துநான்கு.

இரண்டிலும் ஒரே எண்ணா?
அழுத்தம் அப்படிச் செய்யாது,
அதற்கு ஓரவஞ்சனை உண்டு.
எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் நீட்டுவது
வெயில்.

டம்மி கேஜ் ஒட்டிய தகட்டுத்துண்டை
உருளையின் முதுகில் வைத்திருந்தேன்.
பாரம் தாங்க அல்ல,
அதே வெயிலில் காய மட்டும்.
இல்லை.
வயர் பூவரசு நிழலுக்குள் போகிறது,
அங்கே மடித்த சாக்கின்மேல்
சொகுசாய்க் கிடக்கிறது துண்டு.

"வெயிலு கொண்டு கெடந்துதே,
நாந்தான் எடுத்து மாத்தினேன்"
என்கிறான் பனிதாசன்,
ஐஸ் பெட்டி சுமந்து சிவந்த தோளோடு.

திருப்பி வைத்தேன்.
கட்டன் சாயா வந்தது.
இருபத்துநான்கு, பதினேழு, ஒன்பது.
ஆறிப்போன கிளாஸைக் கீழே வைத்தபோது
இரண்டு.
இரண்டைக் கேள்வி கேட்காமல் விடலாம்.
கையெழுத்துப் போட்டேன்.

மிக்கேலடிமை ஃபோனோடு துறைமுகப் பக்கம் நடந்துவிட்டார்.
பனிதாசன் மட்டும் துண்டை விட்டு நகரவில்லை.
"அப்போ இது,
சும்மா வெயிலு கொள்ளதுக்கா
நாகர்கோவில்லேருந்து வந்துது?"

"ஆமா" என்றேன்,
நூலை அவிழ்த்தபடி.