துருவிய பால்

நானும் பால் உறைய வைக்கிறவன்தான்.
குலசேகரத்துக்கு மேலே, கோதையாற்று ரோட்டோரம்
முந்நூற்றைம்பது மரம் எனக்கு வெட்டு.
நெற்றியில் விளக்கைக் கட்டி இருட்டில் இறங்கி
சிரட்டை சிரட்டையாய் எடுத்து, தட்டில் ஊற்றி
ஆசிட் கலந்த தண்ணீர் கொஞ்சம் விட்டால்
உச்சிக்குள் கட்டிப்படும்.
பிறகு உருளை, பிறகு கொடி, பிறகு புகை.

அதனால்தான் சலாலாவிலிருந்து ஷிஜின் மச்சான்
இரண்டு பொதி சீஸை மேசையில் வைத்ததும்
"இதுவும் ஷீட்டுதானே?" என்று சிரித்தேன்.
பெல்சிட்டா சிரிக்கவில்லை.
ஒரு பொதியில் மஞ்சள் கட்டி. இன்னொன்றில்
வெள்ளைக்குள் நீல நரம்பு ஓடுகிறது.
ஆடி மழையில் எனக்க ஷீட்டில் இப்படிப் பூசணம் பிடித்தால்
வியாபாரி கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைப்பான்.
அங்கே இதற்குத்தான் விலை கூடுதலாம்!

பெட்டியின் பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
காய்ச்சிய பாலா, பச்சைப் பாலா என்று தேடினாள்.
பிறகு உப்பு எத்தனை என்று தேடினாள்.
"மஞ்சள் பிள்ளைக்கு ஆகும், அதுவும் இம்மிணி.
நீலம் அவ வளந்த பெறவு."

காலை ட்யூட்டிக்குப் பஸ் ஏறினதும் போனில் அவள் குரல்:
பகல்லயே கொடுங்க, ராத்திரி வேண்டாம்.
இண்ணைக்கு வேற புதுசு ஒண்ணும் கொடுக்காதீங்க.
படுக்க வச்சு ஊட்டப்படாது.
துண்டு போடாதீங்க, கேட்டேளா, துருவுங்க.
அவளுக்க மூச்சுக்குழல்
சர்பத்துக் கடை ஸ்ட்ரா அளவுதான்.

ஸ்ட்ரா அளவு.
அதன்பின் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த வீட்டு ரோஸ்பாய் எட்டிப் பார்த்து
"மார்த்தாண்டம் தேன் இருக்கு, தொட்டு நாக்குல தடவட்டா?" என்றாள்.
தேன் ஒரு வயசு தாண்டட்டும் என்றேன்.
நர்ஸுக்கு மாப்பிள்ளையானால் வாய் தானாகப் பேசுகிறது.

தேங்காய் துருவிய கைதான், ஆனாலும் நடுங்கிற்று.
வெந்து மசிந்த ஏத்தன்பழத்தின் மேல்
நகக்கண் அளவு மஞ்சள் நூல்.
ஜோஷ்னியை நிமிர்த்தி உட்கார வைத்து
நானும் எதிரே சம்மணம் போட்டேன்.

வாயில் வைத்தாள்.
புருவம் சுருங்கிற்று. நாக்கு வெளியே தள்ளிற்று.
தள்ளியதைத் தானே திரும்ப உள்ளே இழுத்தாள்.
என்னைப் பார்த்த பார்வை
விலை கேட்கிற வியாபாரியின் பார்வை.

தயிர் அவளுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டதுதான்.
ஆனாலும் சுவர்க்கடிகாரத்தின் அடியில்
இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை.
இருந்தேன்.
மூச்சை எண்ணினேன், வயிற்றைத் தொட்டேன்,
முத்தினேன், முதுகைத் தடவினேன், மறுபடி முத்தினேன்.
பத்தரைக்கு, இடது கன்னத்தில் சிவப்பு.

எனக்கு வந்த வெப்ராளத்தில்
ஒரு கையில் பைக் சாவி, மறு கையில் போன்.
"உதடு வீங்கிச்சா?" இல்லை.
"வாந்தி? இருமல்? மூச்சு இழுக்குதா?" இல்லை, இல்லை, சிரிக்கிறாள்.
"உடம்பில வேற எங்கயும் தடிப்பு?"
ஜட்டி வரை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன், இல்லை.
அந்தப் பக்கம் ஒரு மௌனம்.
"நீங்க முகம் வழிச்சு எத்தன நாளாச்சு?"

தாடையைத் தடவினேன். ரப்பர் பட்டை மாதிரிச் சொரசொரப்பு.
"சிவப்பு அரை மணிக்கூறில அடங்கும்.
அடங்கல்லேண்ணா, மூச்சு மாறிச்சுண்ணா
யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று வைத்தாள்.

அடங்கிற்று, இருபது நிமிடத்தில்.
நான் கண்ணாடி முன் சோப்பு நுரையோடு நின்றேன்.
தொட்டிலுக்குள்ளிருந்து ஜோஷ்னி
கம்பியைப் பிடித்து நுரையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.
வெள்ளையாக எது கண்டாலும் இனி இப்படித்தான் போல.

சாயங்காலம் பெல்சிட்டா வரும்போது
நீல நரம்புப் பொதி பாதி காலி.
"நாறல்லியா?"
நாறியது. மழையில் நனைந்த ஒட்டுப்பால் சாக்கேதான்.
ஆனால் சவம், நல்லாத்தான் இருக்கு.