லாஸ்

இரவு ஒன்பது பத்துக்கு
லாஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு.
லாபம் என்றொரு விளக்கை
எந்த ரவுட்டரிலும் வைப்பதில்லை.

கோடைமழை விட்டு மூன்று நாளாக
நாகலூரில் மூட்டம்.
ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்து
கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது.
விடிவதற்குள் நாற்பது சார்ட் அனுப்ப வேண்டும்.
கடல் தாண்டி எங்கோ முட்டி பெயர்ந்தவர்,
கல்லடைப்புக்காரர், தேனீ கொட்டிய பெண்,
நான் எண் போட்டால்தான்
இன்சூரன்ஸ் அவர்களுக்கு இரங்கும்.
பதினொன்று முடித்திருந்தேன்.

ஆஃப் பண்ணிட்டு முப்பது செகண்ட் கழிச்சுப் போடுங்க மேடம்,
என்றது சேலத்திலிருந்து ஒரு குரல்,
பாதித் தூக்கத்தில்.
நான் வளைவுகளால் எண்ணுகிறவள்.
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி.
மேலே ஒண்டிக்கடை தாண்டி
என் வீட்டுக்கு இன்னொரு பத்து,
அவற்றுக்கு எண்பலகை கிடையாது.
வீடு வந்ததும் பொத்தானை அழுத்தினேன்.
பவர் பச்சை.
அடுத்தது பச்சையாக முயன்று
முயன்று
சிவப்பு.

மஞ்சள் ஒயரை உருவி
நைட்டி ஓரத்தில் துடைத்துச் செருகினேன்.
அதன் நுனியைக் கண்ணால் பார்க்கக் கூடாது
என்று கேபிள் டென்னிஸ் சொல்லியிருக்கிறான்.
பார்க்கவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.
துப்பட்டா ஊக்கை விரித்து
ரீசெட் துளையில் பத்து வரை அழுத்திப் பிடித்தேன்.
தன் பெயர், என் பெயர், பாஸ்வேர்டு,
எல்லாவற்றையும் மறந்தது.
சிவப்பை மட்டும் மறக்கவில்லை.

சரிவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தது அப்போதுதான்.
"கரண்ட் இருக்குதாக்கா?" என்றான் எமர்சன்,
எரிகிற பல்புக்குக் கீழே நின்றுகொண்டு.
மேல்வீட்டுப் பூங்காவனம் தீப்பெட்டி கேட்டாள்;
அவள் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு.
வெள்ளையன் மகள் நோட்டோடு வந்து
"நாளைக்கு மழை வருமாக்கா?" என்றாள்.
லாட்ஜ் சமையல்காரர்
வேலியோரம் இருமிவிட்டுப் போனார்.
அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

விடிந்து ஆறரைக்கு டென்னிஸ் வந்தான்.
கம்பத்துக்குப் பணம் கட்டாமல்
எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்களில்
அவனே கட்டிய ஒயர்;
மிளகுக்கொடி அதைச் சொந்தமென்று சுற்றியிருந்தது.
ஒவ்வொரு மரமாக அண்ணாந்து நடந்தோம்.
பதினேழாவதில் நின்றான்.
குரங்கென்றால் மென்றிருக்கும்.
காட்டெருமை என்றால் இழுத்துப் போயிருக்கும்.
இது அரிவாள். பாதி வெட்டு.
மீதியை இரவில்
ஈரக் கிளையின் பாரம் முடித்திருக்கிறது.

நேற்று அந்த வரிசையில்
காப்பிச்செடிக்கு நிழல் கழித்தவர் வெள்ளையன்.
கூப்பிடாமலே ஏணியோடு வந்தார்.
யாரையும் பார்க்காமல்
ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.
முடியைவிட மெல்லிய கண்ணாடியை
டென்னிஸ் மெஷினுக்குள் வைத்து
மூச்சை அடக்கியபோது
கீழே அவரும் அடக்கினார்.

ஏழே முக்காலுக்குப் பச்சை.
நாற்பதில் பதினொன்று; சம்பளத்தில் பிடிப்பார்கள்.

புதிய பாஸ்வேர்டு கேட்டது,
எட்டு எழுத்துக்குக் குறையாமல்.
மாற்றிவிடலாம்.
மாற்றினால் ஒவ்வொருவராக வருவார்கள்,
கரண்டையும் மழையையும் விசாரிப்பார்கள்.
எல்லோருக்கும் காப்பி போட
பால் இல்லை.
பழைய பெயரையும் பழையதையுமே போட்டேன்.

எண்ணிப் பார்ப்பதற்குள்
ஒன்பது கருவிகள் வந்து சேர்ந்தன.
என்னுடையவை இரண்டு.
ஒன்றின் பெயர் எமர்சன் கிங்.

சார்ட் பன்னிரண்டைத் திறந்தேன்.
மரத்திலிருந்து விழுந்தவர்.
அதற்கு ஓர் எண் இருக்கிறது.
தவறுதலாக அரிவாள் பட்டதற்கும்
ஒன்று இருக்கிறது;
இன்றைக்குத் தேவைப்படவில்லை.