மெல்லும் பொருள் உட்பட

பகாவில் இரவு மணி பத்து.
விரிவுரையாளரின் சன்னலில் இன்னும் பிற்பகல்.
அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மரம்
இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கிறது.
என் சன்னலில் செம்பனை லாரி
குலை முட்டச் சுமந்துகொண்டு
வளைவில் கியர் மாற்றித் திணறுகிறது.
மைக்கை அணைத்துவிடுகிறேன்.
அந்தச் சத்தத்துக்கு அங்கே அர்த்தமில்லை.

இன்றைய பாடம்: உணவு என்பது எது?

பதினோரு வருடமாக மசாலைத்தூள் ஆலையில்
தரக்கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவளிடம்
கேட்கிற கேள்வியா இது?
தும்மியே தொகுதி எண் சொல்வாள் என்று
டில் பகதூர் என்னைக் கேலி பேசுவான்.
ஆனாலும் எழுதிக்கொள்கிறேன்:
மனிதர் உண்பதற்கென்று
செய்வது, விற்பது, காட்டுவது எதுவும்.
அதில் சேர்கிற எதுவும்.
மெல்லும் பொருள் உட்பட.

பேனா மூடியை மென்றுகொண்டுதான் எழுதினேன்.
இதுவும் உணவா, கனம் கோர்ட்டார் அவர்களே?

பாடக்குறிப்பு நாற்பது பக்கத்திலும்
'பசி' என்று தேடிப் பார்த்தேன்.
ஓரிடத்திலும் இல்லை.
குறை சொல்லவில்லை. சும்மா தேடினேன்.

பிறகு மழை. இணையம் தட்டுத்தடுமாறி
விரிவுரையாளர் வாய் திறந்தபடி உறைந்துபோனார்,
பொறுப்பு என்று பொருள்படும் சொல்லின் நடுவில்.
தமிழில் நடத்தியிருந்தால்
'பொறு' என்று நின்றிருப்பார்.

*

செவ்வாய்க்கிழமை
சிகாமட் கடைகளிலிருந்து திரும்பி வந்தன
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி மீன் மசாலை.
தேதி இம்மாதக் கடைசி.
ஆரோக்கியம் ஒரு டின் தின்னரும் பழந்துணியும்
என் மேசையில் வைத்தார்.
"அழிச்சிட்டு புதுசா அடிச்சிடுவோம்.
சாமான் ஒண்ணும் கெட்டுப்போகல.
நீதான் சட்டம் படிக்கிற புள்ள,
எப்படி எழுதினா மாட்டாதுன்னு
உனக்குத் தெரியாததா?"

என் கட்டணத்தில் பாதி கம்பெனி கட்டுகிறது.
அதற்காக முதலாளியிடம் மூன்று முறை நடந்தவர்
இதே ஆரோக்கியம்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தேன்.
சீரகம் சீரகமாகவே இருந்தது,
மல்லி மல்லியாக.
அழுகியிருந்தால் எவ்வளவு சுலபம்!
மூக்கு தீர்ப்புச் சொல்லியிருக்கும்.
மணம் நல்ல மணம்தான்.
நாள்தான் பொய்யாகப் போகிறது.

வெந்தயத்தை வாயில் போட்டு
கசக்கும்வரை மென்றேன்.

பிறகு இழுப்பறையிலிருந்து
சிவப்பு ஒட்டுத்தாள் கட்டை எடுத்தேன்.
'தஹான்' என்று அச்சிட்டது.
நிறுத்திவை என்பார்கள் மலாயில்.
தாங்கிக்கொள் என்றாலும் அதே சொல்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஒட்டினேன்.
கடைசி இருபதில் பசை பிடிக்காமல்
டில் பகதூர் செலோடேப் கொண்டுவந்தான்,
ஒன்றும் கேட்காமல்.

*

மூன்று நாளாக ஆரோக்கியம் பேசவில்லை.
அடுத்த பருவத்துக் கட்டணம் பற்றி
நானும் கேட்கவில்லை.
இன்று காலை நுழைவாயிலில்
வாய்ப்பழக்கம் அவரை முந்திக்கொண்டது.
"பசியாறியாச்சா?"
கேட்டுவிட்டாரே ஒழிய,
முகத்தை லாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இல்லை என்றேன், லாரிக்கும் சேர்த்து.

வெளியே ரொக்கியா அக்காவின் மோட்டார் சைக்கிளில்
நாசி லெமாக், இரண்டு வெள்ளி ஐம்பது.
வாழையிலை, மேலே தாள், ஒரு ரப்பர் வளையம்.
பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தொகுதி எண் இல்லை.
உள்ளடக்கம் இல்லை.
கடைசித் தேதி இல்லை.
"என்ன தேடுறே?" என்றார் மலாயில்.
"நெத்திலி இருக்கா?"
"இருக்கு. இன்னிக்குக் கொஞ்சம் உப்பு தூக்கல்."

அதைக்கூட அவர் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயிரத்து ஐந்நூறு சொல்லில்
பதில் எழுதியாக வேண்டும்:
பொறுப்பு யாருடையது, வழக்குகளுடன் விளக்குக.
கிடங்கில் ஒரு சிவப்புத்தாள் பெட்டியின்மேல்
உட்கார்ந்திருக்கிறேன்.
முதல் வரி இன்னும் வரவில்லை.
நெத்திலி முறுமுறுவென்று
வாயில் நொறுங்குகிறது.
உப்பு தூக்கல்தான்.