அரைக்கால் நொடி

மாடிப்படிக்கு அடியில்
சர்வர் ரூம் என்று போர்டு மாட்டிய அறை.
பனியன் தூசி படிந்து படிந்து
பஞ்சு மீசையோடு சுற்றுகிறது ஃபேன்.

"ஏனுங்கம்மிணி, எட்டு எம்பிக்குத்தான பணங்கட்றோம்?
மத்தியானம் முள்ளு பதினாறத் தொட்டுச்சே.
இப்ப பையர் மூஞ்சி ஏன்
கட்டங்கட்டமாத் தெரியுது?"
பொங்கியண்ணன் வாசலிலேயே நிற்கிறார்.
எதற்கோ செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

நொடியை எட்டாக நறுக்குங்க, என்றேன்.
ஒவ்வொரு அரைக்காலுக்கும் பத்து லட்சம் பிட்.
அது வாக்கு. ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கிறது.
கொஞ்ச நேரம் யாரும் அனுப்பாமல் இருந்தால்
தொட்டியில் இன்னொரு பத்து ஊறும்.
அவசரத்துக்கு இருபதையும் ஒரே மூச்சில் தள்ளலாம்.
அதற்குமேல் சேராது.
தீபாவளிக்குப் பத்து நாள் கம்பெனி பூட்டிக் கிடந்தாலும்
திறந்த அன்றைக்கு இருபதேதான்.

"அப்ப மிச்சத்துல எடுத்தது?"

போகும்.
போகிற ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள் குறி வைத்துவிடுவார்கள்.
வழியில் கூட்டமில்லாவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.
நெரிசல் வந்தால்
குறி பார்த்துத்தான் கீழே தள்ளுவார்கள்.
நாலு யூனிட் கேமராவும் சேர்ந்து
தொட்டியைக் காலி பண்ணுகின்றன.
உங்கள் பையரின் மூக்கு இப்போது
அவிநாசி ரோட்டில் எங்கேயோ விழுந்து கிடக்கிறது.

அவர் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
ரத்தினசாமியின் வேன் வந்து நின்றது.
தாராபுரத்துப் பக்கம் இருந்து முப்பது பேர்,
ஷிப்மெண்ட் முடியும்வரைக்கும்.
கழுத்தில் கயிறு.
கம்பெனி ஆட்களுக்குப் பச்சை.
இவர்களுக்கு
நான் சொல்ல வேண்டியதில்லை.
போன ஐப்பசியில் ஆர்டர் பாதியான அன்று
ஓவர்லாக் சிந்தாமணி
அரைச் சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு
கயிற்றைக் கழற்றி மேசையில் வைத்துப் போனாள்.
சனிக்கிழமைகூட இல்லை அன்று.
புதன்.

"மஞ்சளே வேண்டாம், எடுத்துருங்க" என்கிறார் பொங்கியண்ணன்.
லைனைத்தான் சொல்கிறார்.

உபரிக்குப் பூஜ்யம் அடித்தேன்.
கேமராக்களைப் பின்வரிசைக்குத் தள்ளினேன்.
எல்லாம் வாக்குக்குள் ஊர்ந்து போகத் தொடங்கின,
பல்லடத்து மேட்டில் லோடு லாரி ஏறுவதுபோல.
பையரின் மூக்கு திரும்பி வந்தது.
வாய் அசைவதற்குக் கொஞ்சம் பின்னால்
குரல்.

இன்னும் சேவ் பண்ணவில்லை.
ஒருமுறை கரண்ட் போய் வந்தால்
பழையபடி
மஞ்சள் ஓடும்.