முனை மழுங்கியது

சட்டைப்பையைத் துழாவும்போதெல்லாம்
ரோவீனா கேட்பாள்: "இந்த மாதம் எது?"

இருபத்திரண்டில் கறுப்பு. கையகல அலகு.
மெய்ன் துறையில் அதை நான் விரித்த சத்தத்துக்கு
இரைவாளி ஏந்திவந்த பையன் ஓரடி பின்வாங்கினான்.
அன்றைக்கு அது பிடித்திருந்தது எனக்கு.

அப்புறம் பதினாலு கருவி மடங்கிய சிவப்பு.
தொட்டது மூன்றைத்தான்;
செதில் சுரண்டி இன்னும் புத்தம்புதுசு.
நடக்கையில் தொடையில் இடித்துக்கொண்டே வரும்,
கடன்காரன் மாதிரி.

மான்கொம்புப் பிடிக்கு ஒரு வாரக் கூலி கொடுத்தேன்.
உப்புக்காற்று பட்டுவிடும் என்று
படகுக்கே கொண்டுபோகவில்லை.

இப்போது இருப்பது சுண்டுவிரல் நீளம்.
மழுங்கின முனை. மஞ்சள் பிடி,
ஈரப் பலகையில் தவறவிட்டாலும் கண்ணில் படும்.
கட்டைவிரல் மரத்துப்போன காலையிலும் திறக்கும்.
சிங்கறால் கூண்டின் கயிறு, மின்கட்டண உறை, ஆப்பிள்
எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

போன மார்ச்சில்
ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த இரவு
ரோவீனா மணிக்கட்டை நீட்டினாள்.
பிளாஸ்டிக் பட்டையில் அவள் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.
தோலுக்கும் பட்டைக்கும் நடுவே
அலகை நுழைத்தேன்.

எது என்று கேட்கவில்லை அவள்.
கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.