பதினொன்றாம் இலக்கம்

வரைபடம் என்னுடையதல்ல.
மிஸ்யே பெல்மார் விட்டுப்போனது,
புது இடுப்பு மூட்டோடு வீடு திரும்பிய நாளில்,
சிகிச்சை அறைச் சைக்கிளின் கூடைக்குள்.
'வழிகாட்டி இல்லாமல் நீங்களே நடக்கலாம்' என்கிறது முகப்பு.
நான் தினமும் பிறருக்குச் சொல்வதும் அதுதான்.

மொன்றியலின் பழைய யாத்திரைத் தடம், பதினொரு இலக்கங்கள்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய பென்சில்:
இருக்க வாங்கு உண்டு.
வாங்கு இல்லை, சுவரில் சாயலாம்.
இங்கே கல் பெயர்ந்திருக்கிறது, இடப்பக்கம் பிடி.
நாலில் கழிவறை, ஆனால் காப்பி வாங்க வேண்டும்.
ஒன்பதில்: மூச்சு வாங்குகிறது.
பத்துக்கும் பதினொன்றுக்கும்
ஒரு கீறலும் இல்லை.

ஒக்ரோபர், லீவு நாள், துறைமுகக் காற்று.
மாலுமிகளின் கோயிலில்
கூரையிலிருந்து கப்பல்கள் தொங்குகின்றன,
கை நீளக் கப்பல்கள், விளக்கோடு.
கரை சேர்ந்தவர்கள் கொடுத்தவை.
சேராதவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை,
கூரையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

என் பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் கற்றது.
அதற்கு முழங்கால் தெரியும், பின்தொடைத் தசை தெரியும்,
தூக்குங்கள், மடக்குங்கள், இன்னும் ஐந்து தரம்.
இறந்த காலம் அவ்வளவாக வராது.
ஆகையால் பித்தளைப் பலகைகளில்
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டில் வந்திறங்கியவர்கள்
இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்,
முழங்காலை மடக்கி, மெதுவாக,
மூச்சை அடக்காமல்.

ஆறாம் இலக்கம் ஒரு கார் தரிப்பிடம்.
பலகை மட்டும் நிற்கிறது,
காசு கேட்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

பத்துக்குப் பிறகு மெட்ரோ.
பதினொன்று, மலைச்சரிவில் அந்தப் பச்சைக் குவிமாடம்.
பதினான்கு வருசமாக என் சமையலறை யன்னலில் இருப்பது.
51ஆம் பஸ் அதைக் கடக்கும்போது
நான் கறிவேப்பிலை, பால், மகளின் இன்ஹேலர் என்று
பட்டியல் போட்டிருப்பேன்.
வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு
யார் யாத்திரை போவார்கள்?

நடுவே மரப்படிகள்:
முழந்தாளில் ஏறுவோருக்கு மட்டும்.
ஊதாக் குளிரங்கியில் ஒரு பெண் ஏறுகிறாள்,
படிக்கு ஒரு செபம்.
தொழில் என்னை விடவில்லை:
வலது இடுப்பு தாழ்கிறது, பாரமெல்லாம் இடது முழங்காலில்.
மடித்த துவாய் ஒன்று போடுங்கள் என்று வாயெடுத்தேன்.
நோகத்தானே வந்திருக்கிறாள்.
பக்கத்துக் கல்படியில், சப்பாத்தோடு,
அவள் வேகத்துக்கு என்னைக் குறைத்துக்கொண்டு
தொண்ணூற்றொன்பது வரை கூடவே ஏறினேன்.
படியில் ஆள் நிற்க முந்திப் போகக் கூடாது,
பயிற்சியின் முதல் வாரமே சொன்னது.

உள்ளே ஊன்றுகோல்கள்.
தூணுக்கும் தூணுக்கும் நடுவில், விறகடுக்கு மாதிரி,
சுகப்பட்டவர்கள் விட்டுப்போனவை.
எல்லோரும் மெழுகுதிரிகளைப் பார்க்க
நான் கோல்களின் அடிநுனியைப் பார்த்தேன்.
இது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது.
இது இரண்டு அங்குலம் நீளம் கூட, அக்குளை அறுத்திருக்கும்,
எறிந்ததே பாதிச் சுகம்.
இது ஒரு பிள்ளையுடையது,
கைப்பிடியில் பல் பதிந்திருக்கிறது.
அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

ஏற நல்ல கால் முன்னே, இறங்க நோகும் கால் முன்னே.
சொர்க்கத்துக்கு நல்லது, நரகத்துக்குக் கெட்டது
என்று சொல்லிக்கொடுத்தால் ஒருவரும் மறப்பதில்லை.
மிஸ்யே பெல்மார் மட்டும் கேட்டார்:
இரண்டும் நொந்தால்?
சிரித்தேன். அடுத்தவர் வந்துவிட்டார்.

கீழே, பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்,
பைக்குள் கிளறிப் பென்சிலை எடுத்தேன்.
பதினொன்றின் ஓரத்தில், அவர் எழுத்தைப் போலவே சிறிதாக:

வாங்கு உண்டு. சாய்வு இல்லை.
வெயில் மூன்று மணி வரை.